கல்யாணத்தில் திரும்பிப் பார்த்தவன்

இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை, எபினேசரின் கழுத்து திரும்பிக்கொண்டே இருக்கிறது, கையில் தாலி, எதிரே முக்காட்டுக்குள் ஹெலன், போதகர் ஜெபத்தை இழுத்துக்கொண்டே போகிறார், மாப்பிள்ளை வாசலைப் பார்க்கிறானே என்று கண்ணை மூடியிருக்க வேண்டிய அத்தனை பேரும் வாசலைப் பார்க்கிறார்கள், பெண்ணின் தாய்மாமன் எழுந்து தெருமுனைவரை போய் எவளாவது வருகிறாளா என்று பார்த்துவிட்டே வந்தார், யாராவது வரணுமா என்று ஹெலன் உதடு அசையாமல் கேட்டாள், யாரும் இல்லியே என்றான், அந்த இல்லியே பதினொரு வருடமாக வீட்டில் விசாரணையில் இருக்கிறது.

யாரையும் தேடவில்லை, சத்தியமாக இல்லை, எல்லாம் கால்பந்துத் தொழில் செய்த வேலை, நடுக்களத்தில் ஆடுகிறவனுக்குப் பந்து முன்னால் வரும், ஆபத்து பின்னால் வரும், இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, கல்கத்தாவில் சம்பளத்துக்கு ஆடிய முதல் மேட்ச், மழை, சேறு, தன்னிடம் வருகிற பந்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றான், பின்னாலிருந்து ஒரு தடியன் வந்து மோதினான், எழுந்தபோது பந்தும் இல்லை, முன்பல்லும் இல்லை, அன்றிலிருந்து பந்து வந்து சேர்வதற்குள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிடுவான், கோவாவில் பார்த்தான், கோழிக்கோட்டில் பார்த்தான், ஷில்லாங் குளிரில் நடுங்கிக்கொண்டே பார்த்தான், பிறகு டீக்கடையில் கிளாஸை வாங்கும்போதும் பார்க்கிறான், இன்னாபா போலீஸ் தேடுதா என்று வியாசர்பாடி முழுக்கக் கிண்டல், ஹெலனிடம் இதையெல்லாம் சொன்னால், பந்து வரசொல்ல பாரு, வேணான்னு யார் சொன்னா, தாலி கட்டசொல்ல இன்னாத்துக்குப் பாத்த, என்பாள், குழம்பில் உப்பு கூடிய சண்டைகூடக் கடைசியில் அந்தச் சர்ச் வாசலில்தான் போய் நிற்கும், அவன் அடிபடுவதைப் பார்க்க முடியாது என்று அவள் ஒரு மேட்சுக்கும் வந்ததில்லை.

இன்று வந்திருக்கிறாள், முப்பத்தைந்து வயதில் அவன் முட்டி போதும் என்று சொல்லிவிட்டது, இதுதான் கடைசி மேட்ச், மகள் கெசியாவோடு மேல்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று, முடிய இரண்டு நிமிடம், கோல்கீப்பர் உதைத்த பந்து அவனைத் தேடி இறங்கி வருகிறது, இடப்பக்கம் பார்த்தான், ஒருத்தன் பாய்ந்து வருகிறான், வலப்பக்கம் பார்த்தான், இன்னொருத்தன், இருவரும் விட்டுவந்த இடம் காலியாகக் கிடக்கிறது, பந்தை நிறுத்தாமலே அங்கே தட்டிவிட்டான், முன்வரிசையில் ஆடும் திலீப் ஓடிவந்து கோல் அடித்தான், எல்லோரும் திலீப்பைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள், பேப்பரில் திலீப் பேர்தான் வரும், பதினைந்து வருடமாகக் கோல் அடித்தவன் பேர்தான் வருகிறது, ஆனாலும் தட்டிக்கொடுத்த எபினேசருக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷத்தில் சிரிப்பு தாங்காது, இன்றும் தாங்கவில்லை.

ஆட்டம் முடிந்து போர்த்திய பொன்னாடையோடு கம்பிவேலி ஓரம் போனான், ஹெலனும் கெசியாவும் அங்கே இறங்கி வந்திருந்தார்கள், எண்பது தபா வரைக்கும் எண்ணுனேன்யா, அப்பால வுட்டுட்டேன், கழுத்து வலிக்கலியா ஒனக்கு, என்றாள் ஹெலன், குரலில் கோபம் இல்லை, நீ எவளையும் தேடலன்னு நான் நம்புறேன், ஆனா இப்பவாச்சும் சொல்லு, அன்னிக்கு இன்னாத்துக்குத் திரும்புன, என்றாள். பதில் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை, இனிமேல் பந்து வரப்போவதில்லை என்பதால் வந்திருக்கலாம், எனக்குன்னு ஒண்ணு கைக்கு வர்ற நேரம், எவனாவது பின்னாடிலேந்து வந்து புடுங்கினு போய்டுவானோன்னு பயம், பந்தைப் புடுங்குனா தொரத்தினு போய் வாங்கிக்கலாம், ஒன்னப் புடுங்கினு போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன் சொல்லு, என்றான்.

ஹெலன் இடப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், வலப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், கெசியா முறுக்கு பாக்கெட்டைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தாள், வேறு யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை, கம்பிகளுக்கு நடுவே முகத்தை நுழைத்து அவன் வியர்வைக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.