அத்தையின் சட்டைக்காரி

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் சொல்லி மறைக்கப் போவதில்லை. என் கொழுந்தன் மனைவி லொரைன் மீது பொறாமை. அதிலும், என் மாமியார் அவளைக் கூப்பிடும் பெயர் மீது.

லொரைன் போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியப் பெண். நாங்கள் இருக்கும் நெய்வேலியில் ஒரு பள்ளிக்கு ஆசிரியையாக வந்தாள்; கொழுந்தன் பாலகுமார் அவளைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் அந்தப் பெண்களைச் சட்டைக்காரி என்பார்கள். அந்தக் காலத்தில் கவுனைச் சட்டை என்பார்கள். கவுன் போடுகிறவள், அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் வெறும் அர்த்தத்துக்காக யாரும் அதைச் சொல்வதில்லை. பாட்டன் வெள்ளைக்காரன், பாட்டி யாரோ என்கிற இளக்காரத்தோடு, வாயைக் கோணிக்கொண்டுதான் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், லொரைன் கவுன் போட்டு நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்குப் புடவை, வீட்டில் சுடிதார். விடிந்ததிலிருந்து நைட்டியில் நிற்பவள் நான்தான்.

பாலகுமார் விஷயத்தைச் சொன்ன அன்று, "போயும் போயும் ஒரு சட்டைக்காரியவா?" என்று மாமியார் பார்வதி சமையலறையில் உட்கார்ந்து அழுதார். நான் காபி போட்டுக் கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இனி எப்போதும் அத்தைக்கு நான் ஒருத்திதான் மருமகள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கல்யாணமாகி வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதே வார்த்தை அதே வாயில் செல்லப் பெயராகிவிட்டது. லொரைன் ஞாயிற்றுக்கிழமை வருவாள், அத்தையோடு சீட்டு ஆடுவாள், தோற்றால் சண்டை போடுவாள். "உங்க ஊறுகாயில உப்பு அதிகம் அத்தை" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். ஒன்பது வருடமாக அதே ஊறுகாயை "நல்லாருக்குங்க அத்தை" என்று சாப்பிட்டுக்கொண்டிருப்பவள் நான். அத்தை கோபிக்க மாட்டார், சிரிப்பார். "எஞ்சட்டைக்காரிய இன்னும் காணோமே" என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார். பக்கத்து குவார்ட்டர்ஸ் சந்திராவிடம் பேச்சைத் தொடங்குவதே "எஞ்சட்டைக்காரி சொன்னா" என்றுதான். ஒன்பது வருடமும் நான் அகிலா. வெறும் அகிலா.

மாமா மருதாசலம் சுரங்கத்திலிருந்து ரிட்டயர் ஆனதும் என் பொறாமை முற்றிவிட்டது. அவர் பெயரில் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மகன்கள் இரண்டு பேரும் அதே சுரங்கத்தில் பர்மனென்ட். பாலகுமாருக்கு ஏற்கெனவே தனி குவார்ட்டர்ஸ். என் கணவர் அருண்பிரசாத்துக்கும் இப்போது வேறு பிளாக்கில் ஒன்று கிடைத்துவிட்டது. அத்தையும் மாமாவும் எங்களோடு வருவதா, அவர்களோடு போவதா? மாமா வழக்கம்போல, "அவ சொல்றதுதான்" என்றுவிட்டார். அத்தை யோசிக்க வேண்டும் என்றார். கூடவே இருந்தவளோடு வர யோசனை எதற்கு? எனக்கு எரிந்தது. எத்தனையோ வீட்டில் மாமியாரை எப்போது தள்ளிவிடலாம் என்று பார்ப்பார்கள். எனக்கு அம்மா இல்லை. அத்தையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் அத்தையும் பண்ருட்டியில் வாங்கி வந்த புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். வாய் தவறிச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் யோசித்து வைத்திருந்த பொய்.

"அத்தை, தப்பா நெனக்கக் கூடாதுங்க. லொரைன் எங்கிட்ட அழுதா. நீங்க சட்டைக்காரின்னு கூப்பிடறது அவளுக்குக் கேவலமா இருக்குதாம்."

அத்தைக்கு ரோஷம் அதிகம். ஆசையாகக் கூப்பிட்டதைக் கேவலம் என்று சொன்னால் அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அத்தை கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "வண்டிய எடு அகிலா, அவ வூட்டுக்குப் போகோணும்" என்றார்.

ஸ்கூட்டியை வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினேன். "நான் எப்ப அழுதேன்?" என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் என் மானம் போய்விடும்.

லொரைன் கதவைத் திறந்தாள். அத்தை உள்ளேகூடப் போகவில்லை. "என்னை மன்னிச்சுப்போடு கண்ணு. உனக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அகிலாதான் சொன்னா."

லொரைன் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போனால் பின்னாலேயே வந்து அப்படிக் கத்துவார்களாம். ஒரு நாள் அம்மா வாங்கிய முட்டையை அப்படியே போட்டுவிட்டு இவளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாராம்.

"நீங்க பிரியமாத்தான் கூப்பிடறீங்கன்னு தெரியும் அத்தை. அதனாலதான் சொல்ல முடியல. ஒவ்வொரு தடவையும் எங்கம்மா மூஞ்சி ஞாபகம் வரும்."

அத்தை அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் வண்டிச் சாவியோடு வாசலிலேயே நின்றேன்.

பிறகு சமையலறையில் லொரைன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொன்னதில்லக்கா, பாலாகிட்டகூட. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தெரிஞ்சுது" என்றேன். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வருடமும் அத்தை வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. எனக்கு வேண்டியிருந்த பெயரை இவள் வேண்டாத பொருளாக வைத்திருந்தாளே என்று ஆத்திரம்தான் வந்தது.

திரும்பும்போது அத்தை பின்னால் உட்கார்ந்தபடி சொன்னார். "நாங்க அவகூடவே இருந்துக்கறோம் அகிலா. ரண்டு வருஷம் நோகடிச்சுப்போட்டேன், பக்கத்துல இருந்துதான் சரி பண்ணோணும். உனக்கென்ன, நீ கெட்டிக்காரி. யாரையும் எதிர்பார்க்க மாட்டே."

"சரிங்க அத்தை" என்றேன். ஒன்பது வருடப் பழக்கம்.

போன வாரம் சாமான் ஏற்றினோம். பாதி எங்கள் பிளாக்குக்கு, பாதி அவர்கள் பிளாக்குக்கு. நான் உள்ளே மிக்ஸியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"கண்ணு, இங்க வா."

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். "என்னங்க அத்தை?"

அத்தை என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"உன்னை இல்ல அகிலா, லொரைனக் கூப்பிட்டேன்."

நானே உள்ளே போய் அவளை அனுப்பிவைத்தேன்.