சேமிக்காத முப்பத்தொரு பக்கங்கள்

ஒரு பழைய கம்ப்யூட்டரில் இலவச ஆபீஸ் மென்பொருளைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒருவர் முடிவெட்டப் போனாராம். அது திறந்து முடிப்பதற்குள் அவருக்கு மறுபடி முடி வளர்ந்துவிட்டதாம். இப்படிப் புளுகும்போது கம்ப்யூட்டர் மெக்கானிக் சிரிக்க மாட்டார். ஊரார் தூக்கிப்போட்ட நோஞ்சான் பெட்டிகளுக்கு உயிர் கொடுப்பதுதான் அவர் தொழில். மென்பொருளில் வேண்டாததையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்துப் பாரத்தைக் குறைப்பார். முதலில் அணைப்பது, எழுதுவதைத் தானாகவே அவ்வப்போது சேமிக்கும் வசதியை. "மூச்சு வாங்குற கிழவன் தலையில பத்து நிமிஷத்துக்கு ஒரு மூட்டையா ஏத்துவாங்க?" என்பார்.

மனைவி படுக்கையில் விழுந்ததும் அப்படியொரு பெட்டியைக் கட்டிலருகே வைத்துக் கொடுத்தார். வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு அவள் எழுதத் தொடங்கினாள். "நடுவுல சேமிக்காதே, உறைஞ்சிடும். முடிச்சதும் கூப்பிடு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். நாற்பது நாள் தட்டினாள். முடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது நாளாகியும் பெட்டியை அவர் அணைக்கவில்லை. திரையில் கடைசிப் பக்கம் அப்படியே நின்றது. 'உங்கப்பா அவுத்துவிட்ட புளுகிலேயே பெரிய புளுகு எதுன்னா,' என்பதோடு சரி. அதற்கப்புறம் வெள்ளை.

"மேல உருட்டிப் படிக்கலாமே, அப்பா?" என்றாள் காரியத்துக்கு வந்திருந்த மகள்.

"ஒரு வரி நகர்ந்தாலும் நின்னுடும்மா."

"இந்தப் பக்கத்தைப் போன்ல படம் எடுத்துட்டேன். மத்த முப்பது?"

"உள்ளதான் இருக்கு."

"நாளைக்கு நான் கிளம்பணும். கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?"

"பேட்டரி கால் மணி நேரம் தாங்கும்."

"ஊர்ப் பெட்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க. அம்மா பெட்டிக்குப் போய் ஏம்பா…"

"எல்லாருக்கும் செய்யறதைத்தான் அம்மாவுக்கும் செஞ்சேன்" என்றார். வாழ்நாளில் அவர் சொன்னவற்றில் துளியும் கூட்டிச் சொல்லாதது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மகள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அழுத்துங்கப்பா. நான் இருக்கேன்."

சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். திரையின் அடியில் நீலக்கோடு ஒன்று முளைத்தது. நகக்கண் அளவு நகர்ந்து நின்றுவிட்டது. பெட்டிக்குள் எதுவோ கரகரவென்று தேய்ந்தது. சூடு அவர் முழங்கால்வரை வந்தது. கட்டிலடியிலிருந்து மனைவியின் எக்ஸ்ரே உறையை எடுத்துப் பெட்டிக்கு விசிறினார். கை வலித்ததும் மகள் வாங்கி விசிறினாள். கோடு நின்ற இடத்திலேயே நின்றது. இருவரும் மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தார்கள்.