வெந்நீரை உறையவைத்த கை

இப்போதெல்லாம் ஜனங்களுக்குத் தங்கள் கண் மேல், மூக்கு மேல் நம்பிக்கை இல்லை. மீன் வாங்க வருகிறவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பதில்லை. எவனோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போகிறான். கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள கடலோர ஊரில் இருளாண்டி இதைத்தான் நாள் முழுக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். அந்த ஐப்பசியில் அவர் மருமகள் செங்கமலம் தொட்ட வெந்நீர் ஐஸாக உறைந்தது, தொட்ட ஐஸ் கொதித்தது. அதற்கும் அவர் ஜனங்களைத்தான் திட்டினார்.

புரட்டாசிக் கடைசியில் கடல், கீரையைக் கடைந்து ஊற்றியது போலப் பச்சையாகிக் கிடந்தது. மீன்துறை ஆட்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீரில் பாசி பெருகியிருக்கிறது, தெளிகிற வரைக்கும் மட்டி, சிப்பி, பெரிய பாறைமீன் எதையும் தின்னாதீர்கள் என்று தெருத் தெருவாகச் சொன்னார்கள். “வெலைய எறக்கி அமுக்கப் பாக்குறானுக” என்று இருளாண்டி காறித் துப்பினார். அன்றைக்கே கரைக்குப் போய், ஆள் இடுப்பு உயரத்துக்கு களவா என்கிற பாறைமீன் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மருந்தடித்த மீனில் ஈ உட்காராது, இதில் மொய்த்தது. அவருக்கு அந்தச் சாட்சி போதும். செங்கமலம் பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகவில்லை. புருஷன் திருமுருகன் துபாயில் இருந்தான். பெரிய மீன் வந்தால் தலையும் ஈரலும் பால் கொடுக்கிறவளுக்கு என்பது அந்த வீட்டு வழக்கம். மாமியார் முத்துமாரியம்மாள் பூண்டும் புளியும் போட்டு, தலை கரைகிற வரை கொதிக்கவைத்துக் கொடுத்தாள். சதையை மற்ற இருவரும் தின்றார்கள். இருளாண்டிக்கு உதடு கொஞ்ச நேரம் மரத்தது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்திருந்த வெந்நீரில் செங்கமலம் பதம் பார்க்கக் கையை விட்டாள். தண்ணீர் அண்டாவோடு உறைந்து போனது. உலக்கையால் இடித்துத்தான் கையை வெளியே எடுத்தார்கள். மத்தியானம், அடைகாத்த கோழியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கோழி கல்லாகிக் கிடந்தது. கோழிக்குச் சீக்கு என்றார் இருளாண்டி. செங்கமலம் தூளியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பிள்ளையைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிவரஞ்சனி பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பாசியில் இருக்கிற நஞ்சு சின்ன மீன் வழியாகப் பெரிய மீனுக்குப் போகும், வாடை இருக்காது, ருசி மாறாது, எவ்வளவு கொதித்தாலும் முறியாது என்றார்.

“நானுந்தான் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார் இருளாண்டி.

“நீங்க தின்னது சதைங்கய்யா. இவங்களுக்குக் குடுத்தது தலையும் ஈரலும். நஞ்சு அங்கதான் சேரும். இனி மீன் வாசமே படக்கூடாது. தானா எறங்கும். அது வரைக்கும் பிள்ளை அவங்க மேல படாம பாத்துக்கங்க.”

“படிச்சிட்டு வந்து மீன்காரனுக்கு மீனச் சொல்லிக் குடுக்குது” என்று பஸ் ஏறுகிற வரை இருளாண்டி முனகினார்.

ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. ஐஸ் கம்பெனியில் கரண்ட் போன நாட்களில் படகுக்காரர்கள் கொதிக்கிற தண்ணீரைப் பேரலில் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். செங்கமலம் கையை விட்டாள். தண்ணீர் உறைந்தது, கை வெந்தது. தோல் உரிந்தாலும் குளுகுளுவென்றுதான் இருக்கிறது என்று சொன்னாளாம். பாவம் என்றும் சொன்னார்கள், நாளைக்கு இன்னொரு பேரல் என்றும் சொன்னார்கள்.

பிள்ளை புட்டிப்பால் குடித்தது. கார்த்திகையில் ஒரு நாள் அவள் கையில் இருந்த டீ உறையவில்லை. மேலே மெல்லிய ஏடு போல மட்டும் ஐஸ் கட்டியது. செங்கமலம் அழுதாள். “அத்தை, எறங்குது. தைக்குள்ள பிள்ளையத் தூக்கிருவேன்.”

இருளாண்டிக்கு அது வரை பொறுக்க முடியவில்லை. “புட்டிப்பால் குடிச்ச பய நாளைக்கு வலைய இழுப்பானா?” என்றார். தாய்ப்பால் ஊறட்டும் என்று இன்னொரு களவா வாங்கி, ஈரலை அரைத்து மிளகு ரசத்தில் கரைத்து, கசாயம் என்று அவரே கொடுத்தார். செங்கமலம் நம்பிக் குடித்தாள். மறுநாள் முத்துமாரியம்மாள் கடைக்குப் போயிருந்தபோது பிள்ளை கத்தியது. இருளாண்டி அதைத் தூளியிலிருந்து எடுத்துச் செங்கமலத்தின் மடியில் போட்டார்.

“மாமா, வேணாம்! எடுங்க மாமா!”

“பெத்தவ தொட்டா பிள்ளை செத்தா போயிரும்? நடிக்காதடி.”

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். ஆனால் பிள்ளைக்கு என்ன தெரியும்? பால் வாசம் பிடித்து வாயை வைத்தது. அழுகை பாதியில் நின்றது. முத்துமாரியம்மாள் வந்து தூக்கியபோது தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது.

கடற்கரை மணலில் புதைத்தார்கள். அந்த இடத்து மணல் சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. ஊர்க்காரர்கள் கடலுக்குக் கொண்டுபோகிற தண்ணீர்க் குடங்களை அங்கே வைத்து எடுத்துப் போனார்கள். சோடா விற்கிறவன் பெட்டியை அங்கிட்டு மாற்றிக்கொண்டான்.

செங்கமலத்தைப் பிறந்த வீட்டார் ஆவுடையார்கோவிலுக்குக் கூட்டிப் போனார்கள். மீன் படாததால் நஞ்சு இறங்கியது. சூடு சூடாகவும் குளிர் குளிராகவும் ஆனது. வைகாசியில் வந்தாள். குடங்களுக்கு நடுவே உட்கார்ந்து, தழும்பேறிய கையை மணலில் வைத்தாள். தண்ணீர் எடுக்க வந்த இருளாண்டியைப் பார்த்துக் கேட்டாள்:

“இப்பவாவது சொல்லுங்க மாமா. மீன்தானே?”

இருளாண்டி குடத்தைச் சாய்த்து ஒரு வாய் குடித்தார். பல் கூசியது.

“அடியில ஊத்து ஓடுது தாயி. அதான் இம்புட்டுக் குளிர்ச்சி” என்றார். கரையில் ஏலம் கூவுகிற சத்தம் கேட்டது. குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கிட்டு நடந்தார்.