தரிசு என்று எழுதியவர்கள்

தவளை டீச்சர் என்றால் ஊரில் தெரியாத பிள்ளை கிடையாது. பள்ளிப் பிள்ளைகளை ஊர் எல்லையில் இருக்கும் சதுப்புக்குக் கூட்டிப்போய், கண்ணை மூடச் சொல்லி, தவளைச் சத்தத்தைக் கேட்க வைப்பது அவள் வேலை. எப்பேர்ப்பட்ட வாலும் அந்த நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்.

அந்தச் சதுப்பில் மண் கொட்டிக் கிடங்கு கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனாள். பழக்கதோஷம் யாரை விட்டது? நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அதிகாரிகளையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, போனில் பதிவு செய்திருந்த தவளைச் சத்தத்தைப் போட்டாள். ஒருவர் கண்ணை மூடியிருந்தார். அவர் முன்பே தூங்கிப்போனவர். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் தவளைகள் தோற்றன.

திட்ட அதிகாரி மட்டும் சிரிக்காமல் சுவரில் மாட்டியிருந்த நில வரைபடத்தைக் காட்டினார். சதுப்பு இருந்த இடத்தில் மஞ்சள் பூசி, தரிசு என்று போட்டிருந்தது. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். வரைபடத்துக்காக வானிலிருந்து படம் எடுத்த மாதம் ஓரத்தில் இருந்தது. நல்ல கோடை. அப்போது சதுப்பு காய்ந்து வெடித்துத்தான் கிடக்கும், தவளையெல்லாம் சேற்றுக்கடியில் போய்விடும். மழைக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள் என்றாள்.

"அதைச் சொல்ல நீங்க நில ஆய்வு படிச்சவங்களா மேடம்?" என்றார் அதிகாரி.

இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. முகம் எரிந்தது. அவமானம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கோபம். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், நிலப் பயன்பாடும் பாதுகாப்பும் படிக்கப்போகிறேன் என்று அறிவித்தாள். தான் படிக்கும் கல்லூரிக்கே வந்தால் தன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று மகள் நிபந்தனை போட்டாள். கணவருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள அங்க கிடங்கு எழும்பிடுமே. அப்புறம் படிச்சு என்ன பண்ணப்போற?"

அது அவளுக்குத் தெரியாததா? வழியெல்லாம் அதே கேள்விதான் அவளையும் குடைந்தது. கண் கலங்கியது, துடைக்கவில்லை.

"கட்டினா கட்டட்டும். உக்காந்து அழுவேன். ஆனா நான் படிச்சு அந்த வேலைக்குப் போயிட்டா, அடுத்த சதுப்புக்கு மண்ணு லாரி வரணும்னா, வரைபடத்துல நான் கையெழுத்துப் போடணும். போடமாட்டேன்."