மூலைக்கல்லின் அடி அசையாது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது; வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கவில்லை, அவ்வளவுதான். (பாருங்கள், முதல் பத்தியிலேயே எனக்கு நானே வக்கீல் வைத்தாயிற்று.)

2

தொடக்கம் இப்படி: ‘2004 மாசியில், சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தல்கள் பச்சைப்பசேலென்று’. வேண்டாம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் எழுதியது மாதிரி இருக்கிறது.

இன்னொன்று: ‘ராஜாத்தி அக்கா வலது காலை இழுத்து இழுத்து’. ஐயோ, இது பின்னால் வரவேண்டியது. சொல்லித் தொலைத்துவிட்டேன்.

3

சரி, நடந்தது நடந்தபடி. நான் அப்போது ஆராய்ச்சி மாணவன். ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்து, பாரம் ஏற்றினால் எங்கே உடையும் என்று பார்ப்பது என் வேலை. உடையும் இடம் சிவப்பாகத் தெரியும்.

அக்காவின் வீட்டுக்காரர் நல்லகண்ணு மச்சான். அவர் திராட்சைப் பந்தலைத் தாங்கி நிற்கும் கல்தூண்களில் மூலைக்கல்லில் ஒரு கீறல் விழுந்திருந்தது. குலை வெட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பந்தல் கொள்ளாத குலை.

“மாப்ள, ஒன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருப்பா. வெட்டு முடியிற மட்டும் கல்லு தாங்குமா?”

அளந்தேன், போட்டேன். சிவப்பே வரவில்லை.

“தாங்கும் மச்சான்.”

“அப்ப ஒரு தண்ணி பாய்ச்சிக்கிறட்டா? காய் இன்னும் ஊதும்.”

வெட்டுக்கு முன்னால் ஒரு வாரமாவது தண்ணீரை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். மச்சானுக்கு ஆசை.

“கல்லுக்குத் தண்ணியால ஒண்ணும் ஆகாது” என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

4 [மூன்று முறை அடித்துவிட்டு எழுதியது]

கணக்குக்கு முன் மென்பொருள் ஒன்று கேட்கும்: தூணின் அடி எப்படி? ‘அசையாது’ என்று கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பந்தல் கல்லுக்குச் சிமெண்ட் கிடையாது, வெறும் மண்ணில் ஊன்றியது. அந்த மண்ணில் புரண்டு வளர்ந்தவன் நான். தெரியாதா எனக்கு? தெரியும். பிறகு ஏன்

5

தண்ணீர் பாய்ந்த மூன்றாம் நாள் மண் இளகி, மூலைக்கல் அடியோடு சாய்ந்தது. கம்பி, கொடி, குலை எல்லாம் அந்தப் பக்கமாக இறங்கின. கீழே அக்கா நின்றிருந்தாள்.

கல் உடையவில்லை. கீறல்கூடப் பெரிதாகவில்லை, என் படத்தில் இருந்தபடியே. அப்படியானால் என் கணக்கு சரியா, தப்பா? சத்தியமாக இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மச்சான் ஆறு வருஷமாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார்: “மாப்ள சொன்னது சரிதான்ப்பா, கல்லு தாங்குச்சுல்ல. நாந்தேன் பேராச புடிச்சுத் தண்ணிய விட்டு அவ காலக் கெடுத்தேன்.”*

* அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு பொங்குவது அவர்தான்.

6

முடிவுகள்.

அ. சொல்லிவிடுகிறேன். மச்சான் அறைகிறார். நிம்மதி. (எனக்கு மட்டும்.)

ஆ. சொல்லவில்லை. அவர் பொங்கிப் போட்ட சோற்றை நான் தின்றுகொண்டே

இ. அக்காவுக்கு எல்லாம் எப்போதோ தெரியும், மன்னித்தும்விட்டாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.

7

இதை எழுதுவது 2010இல், அக்கா வீட்டில். அவள் காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்கிறாள்.

“ஏலே, காலையில இருந்து எழுதுற, கிழிக்கிற. அப்பிடி என்னதான் எழுதுற?”

“கதைக்கா.”

“யாரப் பத்தி?”

“ஒன்னப் பத்தித்தான்.”

“அட கூறுகெட்டவனே!” சிரிக்கிறாள். “வாசி, கேப்போம். ஏங்க, இங்கன வாங்க! தம்பி நம்மளப் பத்திக் கத எழுதியிருக்கானாம்.”

மச்சான் கையைத் துண்டில் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்து நிற்கிறார்.

நாலாம் பகுதி மட்டும் தனித் தாளில் இருக்கிறது. அதை உருவிவிட்டு மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனாலும் கதை நிற்கும். வேண்டுமானால் நீங்களே திரும்பப் படித்துப் பாருங்கள். பயமாக இருக்கிறது. இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். மூன்றாம் பகுதியைக்கூட வாசித்து முடித்துவிட்டேன்.

அடுத்து எந்தத் தாளை எடுக்கட்டும்?