சுற்றாத ஃபேன்

உப்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து மரக்காணத்தைத் தாண்டுவதற்குள் வேனின் ஹீட் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. தையல்நாயகி ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள். இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் பாத்திகளில் பட்டு முகத்தில் அடித்தது.

"பாத்தியாம்மா? நான் சொல்லல?" என்றான் அவள் கொழுந்தன் கொளஞ்சி. பின்சீட்டில் இருந்த மாமியார் கமலாம்பாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சுனாமிக்கு மறுவருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த புருஷன் ஓட்டிய பழைய வேன் அது. தையல்நாயகி ஓட்டிப் பழகி, லைசென்ஸ் எடுத்து, கூனிமேட்டுப் பக்கத்துப் பெண்களை ஆரோவில் வேலைக்கு ஏற்றிப் போய் வந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் சாப்பிடுவது அந்தக் காசில்தான். அண்ணன் வண்டி தம்பிக்குத்தான் என்று கொளஞ்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த வாரம் நிறுத்திய இடத்திலெல்லாம் வண்டி கொதித்தது. பாதி வழியில் இறங்கி பஸ் பிடித்த பெண்கள், "இப்படியே போனா வேற வண்டி பாத்துக்கறோம் நாயகி" என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டத் தெரியாமல் இன்ஜினைப் பொசுக்குகிறாள், நீயே வந்து பார் என்று கொளஞ்சி இன்று சவாரி இல்லாத வண்டியில் தாயையும் ஏற்றிவிட்டுத் தானும் கூட வந்திருந்தான்.

அவன் வாய்க்காலில் இறங்கி ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு வந்தான்.

"உப்புத்தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தப் போறியா? உங்கண்ணன் வண்டி மேல அவ்ளோ பாசமா?"

"எல்லாம் தெரிஞ்சவ! வாயப் பாரு."

ஓட்டத்தில் கொதிக்காத வண்டி நின்றால் மட்டும் கொதிக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று இருக்கிறது. நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன்தான் காற்றைக் கொடுக்க வேண்டும். அந்த ஃபேனின் உறுமலை இந்த வாரம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பேட்டரியிலிருந்து தனியாக ஒயர் இழுத்து ஃபேனுக்குக் கொடுத்தாள். விர்ரென்று சுற்றியது. அப்படியானால் கோளாறு நடுவில்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். பம்பருக்குப் பின்னால் விரல் பிசுபிசுத்தது. சுற்றிலும் செம்மண்ணும் கிரீஸும் அப்பிக் கிடக்க, அங்கே மட்டும் புத்தம்புதுக் கறுப்பு டேப். பிரித்தாள். ஒயர் கத்தியால் நறுக்கென்று அறுபட்டிருந்தது. முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியாகச் சுற்றி, மேலே ஒன்றாகச் சுற்றி வைத்திருந்தது.

கோபம் உடனே வரவில்லை. இவ்வளவு நிதானமாகச் செய்திருக்கிறானே என்று பயம்தான் முதலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, "வண்டிய நான் கழுவித் தர்றேன் அண்ணி" என்று வாளியோடு வந்தவன் கொளஞ்சிதான். அன்றைக்கு அவள் அவனுக்கு மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள்.

வெளியே வந்து டேப்பைக் கமலாம்பாள் மடியில் போட்டாள். "ஒயர அறுத்து வச்சிருக்கான் அத்தை."

"எலி கடிச்சிருக்கும்," என்றான் கொளஞ்சி.

"எலி டேப் சுத்துமாடா?"

அவனை 'டா' போட்டு அவள் பேசியதே இல்லை. கொளஞ்சி ஓங்கிய கை, தாய் பார்த்ததும் பாதியில் நின்றது.

கமலாம்பாள் டேப்பை விரல்களுக்கு நடுவில் உருட்டினாள். "அறுத்தது தப்புதான்," என்றாள். பிறகு மருமகளைப் பார்க்காமல், "ஆனா சாவிய அவங்கிட்ட குடுத்துடு. பொம்பளைக்கு எதுக்கு இந்த ரோட்டுப் பொழப்பு? தெனம் ஒரு சண்டை என்னால பாக்க முடியாது."

தையல்நாயகி அந்த டேப்பைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனாள். ஒயர் முனைகளைப் பல்லால் உரித்து, முறுக்கி, டேப் சுற்றினாள். ரேடியேட்டர் ஆறும்வரை இருந்து, கேனிலிருந்த நல்ல தண்ணீரை ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்தாள். முள் மெல்ல ஏறியது. நடுவைத் தாண்டி இன்னும் ஏறியது. கொளஞ்சி சிரிக்க ஆரம்பித்தான். அப்போது முன்னாலிருந்து ஃபேன் உறுமியது. முள் தயங்கி நின்று, இறங்கத் தொடங்கியது.

அவன் அவள் பக்கம் வந்து சாவிக்குக் கையை நீட்டினான். அவள் கண்ணாடியை மூடினாள்.

"கூனிமேட்டுக்குப் போறேன் அத்தை. எறங்குறதுன்னா இப்பவே எறங்கிடுங்க."

கமலாம்பாள் பக்கக் கதவைத் தள்ளி ஒரு காலைக் கீழே வைத்தாள். செருப்பு சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. தார் சுட்டிருக்க வேண்டும், பாதத்தை மடக்கிக்கொண்டாள்.

"எறங்கும்மா!" கொளஞ்சி வெளியிலிருந்து கத்தினான்.

ஒரு கால் ரோட்டிலும் ஒரு கால் வண்டியிலுமாக அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல்நாயகி கிளட்ச்சை மிதித்து கியரைப் போட்டாள். கிளட்ச்சிலிருந்து காலை இன்னும் எடுக்கவில்லை.