தண்ணீர் தெளித்த இதழ்

1.

இந்தக் கதை எனக்குச் சுசீந்திரம் பக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. எரிசேரி பரிமாறும்போது பக்கத்து இலை அம்மாள், "எங்க வீட்டுல முன்ன ஒரு மட்டம் புஸ்தகத்தைக் குளுப்பாட்டியிருக்கு" என்றார். பந்தியே சிரித்தது. நான் விவரம் கேட்டேன். பாயசம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். முடித்தபோது அவரும் சிரிக்கவில்லை.

நான் குடும்பக் காதல் கதை எழுதுகிறவள். என் கதைகளில் கடைசி அத்தியாயத்துக்கு முன்பே எல்லோரும் அழுது முடித்துவிடுவார்கள். ஆகவே பழக்கதோஷத்தில் இப்படித் தொடங்கினேன்:

1934ஆம் வருஷம். நாகர்கோவிலில் சாரல் பெய்த ஒரு மாலையில் ரசலையனை முதன்முதலாகப் பார்த்தபோது நேசபாயின் நெஞ்சு

வேண்டாம். அந்த நெஞ்சுக்கு வேறு ஆசை இருந்தது.

2.

ரசலையன் நடத்தியது ஒரு கையெழுத்துப் பத்திரிகை. பெயர் 'நாஞ்சில் சமரசம்'. அச்சடிக்க வசதி கிடையாது. மாதம் ஒரே ஒரு பிரதி. அதுதான் வீடு வீடாகச் சுற்றும். எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்காமல் யார் எழுதிக் கொடுத்தாலும் படித்துப் பார்ப்பது பத்திரிகையின் கொள்கை. கடற்கரையிலிருந்து அல்போன்ஸ் பாட்டு அனுப்புவான். வேளாளர் தெருவிலிருந்து கோலப்பன் கட்டுரை தருவார்.

இவற்றையெல்லாம் முத்து முத்தாகப் படியெடுத்தவள் நேசபாய். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். சம்பளமில்லாத வேலை. மூன்று வருஷம் அடுத்தவர் எழுத்தையே எழுதிக்கொண்டிருந்தவள், ஒருநாள் தயங்கித் தயங்கித் தன் கதையைக் கொண்டுவந்தாள்.

(எந்தத் தாளில் என்று கேட்பீர்கள். தாளில் இல்லை. அங்கே தாளுக்குப் பஞ்சம். சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். ரசலையன் படித்து, "சரி, ஏத்திரு" என்பார். அதை இதழில் மையால் எழுதிவிட்டுச் சிலேட்டை ஈரத்துணியால் துடைப்பாள். பிறகு அடுத்த பக்கம். மற்றவர்களுக்கு வீட்டில் மூலப்பிரதி இருந்தது. அவள் கதைக்கு இதழ் ஒன்றுதான்.)

"முதல் பக்கத்துல போடுவோம்" என்றார் ரசலையன்.

"முதல்லயா அண்ணே? ஆளுவ சிரிக்கும்."

"சிரிக்கட்டு. பெயரைப் பெருசா எழுது. அடுத்தவன் பெயருக்கெல்லாம் கொம்பும் வாலும் வச்சு எழுதுகே, உன் பெயரை மட்டும் எறும்பு மாதிரி எழுதாத."

3.

இதுவரை நான் எழுதுகிற வகைக் கதைதான். இனிமேல்தான் என் கைக்குப் பழக்கமில்லாத இடம்.

அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பக்கத்தில் எழுதியவரே இதழை முதல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவருக்குச் செய்யும் மரியாதை அது. முதல் வீடு மாதாமாதம் மாறும். ஒரே வீடு எப்போதும் கடைசியாக இருக்கக்கூடாது. இரண்டும் நல்ல விதிகள். நானாக இருந்தாலும் இந்த விதிகளைத்தான் போட்டிருப்பேன்.

அந்த மாதம் முதல் வீடு கோமளவல்லியுடையது. வேளாளர் தெரு. இதழுக்காக உயிரை விடுகிறவள். இதுவரை இதழ் அந்த வீட்டுக்குக் கோலப்பன் கையால்தான் போயிருந்தது. அவளுடைய மாமியார் தாணம்மாள் ஒன்றும் கேட்டதில்லை. இந்தத் தடவை முற்றத்தில் நின்றவள் நேசபாய்; அந்தத் தெருவில் படியேறக்கூடாத சாதி.

"இது யாருட்டி?" என்றாள் தாணம்மாள், உள்ளேயிருந்து.

"பத்திரிகை கொண்டுவந்த டீச்சரு அத்தே. இவங்கதான் எழுதுகது."

"எழுதுகதா? கையாலயா?"

"ஆமா."

"அப்போ தண்ணி தெளிச்சு எடு."

"அத்தே, புஸ்தகத்துக்கு என்ன தீட்டு? வீட்டுல ராமாயணம் இருக்கு, யாரு அச்சடிச்சான்னு கேட்டீளா?"

"அது மிஷின் அடிக்கது. மிஷினுக்கு ஏது சாதி? இது பக்கம் பக்கமா தொட்டு எழுதினதுல்லா? பக்கம் பக்கமாத் தெளி."

கோமளவல்லி படியில் இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது. "டீச்சர், ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க. தெளிச்சாத்தான் உள்ள கொண்டுபோக விடுவா. எனக்குப் படிக்கணும்."

நேசபாய் சொன்னாள்: "தெளிச்சுக்கிடுங்க."

4.

இந்த ஒரு சொல்லில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம். அவள் அப்படிச் சொல்லியிருப்பாளா? ஒரு வரைவில், "என் கதைக்குத் தீட்டு இல்லை" என்று கர்ஜிக்கவைத்தேன். வாசிக்க நன்றாக இருந்தது. இன்னொன்றில் இதழைப் பிடுங்கிக்கொண்டு அவள்

அதையும் விட்டுவிட்டேன். பந்தியில் கேட்டது "தெளிச்சுக்கிடுங்க" என்பதுதான். மூன்று வருஷம் காத்திருந்தவளுக்கு எதிரே ஒரு வாசகி கைநீட்டி நிற்கிறாள். அவமானத்தை விழுங்கினால் வாசகி கிடைப்பாள். நான் எழுதுகிறவள்; எனக்கு இது புரிகிறது. புரிவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

5.

கோமளவல்லி இதழைப் படியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். செம்பிலிருந்து மஞ்சள்தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தாள். கண் முழுக்க மாமியார் மேலேயே இருந்தது, எங்கே மனசு மாறிவிடுவாளோ என்று.

"அந்தப் பக்கம்?"

"தெளிச்சாச்சு அத்தே."

"நடுவுல ஒண்ண விட்டே."

விட்டதையும் தெளித்தாள். மைக்கட்டி கரைத்த நீல மை அது. படியிலிருந்து முற்றத்துக்கு ஒரு நீலக் கோடு இறங்கி வந்ததை முதலில் பார்த்தவள் நேசபாய்தான். கோமளவல்லி அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் தாணம்மாளே வெளியே வந்துவிட்டாள்.

"வெயில்ல வச்சா சரியாயிரும்" என்றாள் தாணம்மாள். அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள்.

6.

ரசலையன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "மக்கா, திரும்ப எழுது" என்றார்.

"ஞாபகம் இல்ல அண்ணே. சிலேட்டைத் துடைக்கும்போதே மனசுலயிருந்து எறங்கிரும். உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு? நீங்கதான படிச்சிய?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "ஒரு அக்காளும் தங்கச்சியும் உண்டு. இல்லியா? அதுல ஒரு இடம்... நல்லா இருந்துது நேசபாய். ரொம்ப நல்லா இருந்துது."

உலகத்தில் அந்தக் கதையைப் படித்த ஒரே ஆள் அவர். அவருக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

(ஒரு வரைவில் இந்த இடத்தில் ரசலையன் அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறார். என் வாசகிகள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் கதையைத் தொலைத்தவளுக்குப் புருஷனைக் கொடுத்துச் சரிக்கட்டுவது எனக்கே கூச்சமாக இருந்தது.)

7.

அடுத்த இதழுக்கும் முதல் பக்கத்தை அவளுக்கென்றே ஒதுக்கிவைத்தார் ரசலையன். பக்கங்களைச் சேர்த்து இதழைத் தைக்கிற நாளும் வந்துவிட்டது. அவள் சிலேட்டில் ஏதோ எழுதினாள், துடைத்தாள், மறுபடி எழுதினாள், துடைத்தாள். பக்கத்தில் அல்போன்ஸின் பாட்டு படியெடுக்கக் காத்திருக்கிறது. நல்ல பாட்டு. முதல் பக்கத்தில் போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

இப்போது பேனாவை மையில் தொட்டுவிட்டாள். எதை எழுதப்போகிறாள்?

இதை முடிக்க என்னால் முடியவில்லை. என் கையில் விட்டால் அவள் தன் கதையைத்தான் எழுதுவாள், நான் அப்படி எழுதியே பழகியவள். பந்தியில் கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. ஆகவே உங்களிடம் விடுகிறேன். பாட்டைத்தான் எழுதினாள் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். தன் கதையைத்தான் எழுதினாள் என்று சொல்கிறவர்கள் மட்டும், தயவுசெய்து, அதன் முதல் வரியையும் எனக்குச் சொல்லுங்கள்.